புலிகுத்திக் கல்லுக்கு மேற்கே முப்பது தப்படி

இன்று காலை கைப்பைக்குள் ஸ்டாம்ப் பேடு திறந்துகொண்டு, மை நெடி மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம்தான். பள்ளிக்கூட ரப்பரில் நீ எனக்காகச் செதுக்கித் தந்த கரிச்சான் குருவி முத்திரையும் அங்கேதான் கிடந்தது. நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. இன்றைக்காவது அந்த மலையடிவாரத்துக்குப் போய்விட வேண்டும் என்று ஸ்கூட்டரை எடுத்தேன்.

சிங்காநல்லூரில் நம் தெருவே நம்மைப் பைத்தியம் என்றது. நம் விளையாட்டு அப்படி: காட்டுப் பாதையிலும் பழைய கற்களின் பக்கத்திலும் யாரோ ஒளித்துவைத்த டப்பாவை, ஒரு துண்டுக் குறிப்பை வைத்துத் தேடுவது. கிடைத்தால் அதிலுள்ள நோட்டில் அவரவர் முத்திரையைப் பதித்து, அன்று நடந்ததை நாலு வரி எழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவது. இதற்கு ஞாயிற்றுக்கிழமையைக் கெடுப்பானேன், கோயிலுக்குப் போனால் புண்ணியமாவது கிடைக்கும் என்பார் உன் வீட்டுக்காரர்.

நீ நோயில் விழுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமக்குக் கிடைத்த குறிப்பு மேற்கு மலையடிவாரத்துக்கு. புலிகுத்திக் கல்லுக்கு மேற்கே முப்பது தப்படி, இரட்டைப் பாறை இடுக்கு. மாட்டைக் காக்கப் புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கு நட்ட கல் அது. தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நானாக இருந்தாலும் புலியை ஒரு கை பார்த்திருப்பேன் என்று வாய் கிழியப் பேசினேன். நீ சிரித்தாய்.

டப்பா கிடைத்தது. வலிக்கிற முழங்காலை நீட்டிப் பாறையில் உட்கார்ந்து நீ நோட்டைத் திறந்தாய். பள்ளத்துப் பக்கம் கிளை முறிந்தது. மரங்களுக்கு நடுவே யானையின் முதுகு. நான் உன் பெயரைக்கூடச் சொல்லிக் கூப்பிடவில்லை. பையைப் போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடி, ரோட்டோர டீக்கடையில்தான் நின்றேன். அங்கே நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. உன்னை விட்டுவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? அரை மணி நேரம் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். நொண்டிக்கொண்டே நீ வந்தாய். தோளில் என் பை.

"பையை உட்டுப்போட்டு வந்துட்டயே அம்மணி, இந்தா" என்றாய். அவ்வளவுதான். பிறகு டீ கேட்டாய்.

அன்று நோட்டில் என்ன எழுதினாய் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. அந்தப் பக்கம் மறுபடி போகலாமா என்று நீ கேட்டபோதெல்லாம் சாக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே இருந்தபோதும் மன்னிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா!

இன்று அடிவாரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை நிறுத்தினார். "ஏனுங்க, தனியாவா போறீங்க? நேத்து இங்க யானை எறங்குச்சுங்க." சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொன்னேன். முப்பது தப்படிக்குள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். இடுக்கில் கையை விடும்போது பாம்பு நினைப்பு வேறு. என்னைப் பற்றி நீ என்ன எழுதியிருந்தாலும் நியாயம்தான் என்று சொல்லிக்கொண்டேன். டப்பாவைத் திறந்து, தயங்கித் தயங்கி நோட்டில் அன்றைய பக்கத்தைப் புரட்டினேன்.

உன் மயில் முத்திரை. பக்கத்திலேயே என் கரிச்சான். என் பையிலிருந்து எடுத்து நீயே பதித்திருக்கிறாய். கீழே உன் கையெழுத்து: "யானை வந்து போனது. என்னால் ஓட முடியாது. ஆள் கூட்டிவரச் சொல்லி அம்மணியை நான்தான் அனுப்பினேன்."

அதற்கும் கீழே, பின்னால் வந்த யாரோ எழுதியிருந்தார்கள், இப்படி ஒரு தோழி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று.

எழுதும்போது நான் ஆட்களோடு வருவேன் என்று நம்பியிருப்பாய். டீக்கடைப் பெஞ்சில் என்னைப் பார்த்தபோதுதான் நான் யாரையும் கூப்பிடவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கும். அதன் பிறகும் நீ திரும்ப வந்து அந்த வரியை அடித்துவிடவில்லை.

பாறையிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் பேனாவை எடுத்தேன். "அவள் அனுப்பவில்லை. நானாகத்தான் ஓடினேன். ஆளும் கூட்டிவரவில்லை." என் பெயரை முழுசாகப் போட்டேன். பள்ளத்தில் ஏதோ சலசலத்தது. காற்றோ மாடோ, தெரியவில்லை. கால் ஓடத்தான் பார்த்தது. நோட்டை உறையில் சுற்றி, டப்பாவை இறுக மூடி, இடுக்கில் தள்ளி, மறைப்புக் கல்லைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஊரார் படிக்க எழுதிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது.