குழுவில் உனக்குக் கிடைத்த அக்கா

அன்புள்ள மகளுக்கு,

பேசாமல் இருந்தது போதும். அம்மாவும் நானும் உடம்பளவில் நலம். உன் நலத்தை விசாரிக்க எனக்குத் தகுதி உண்டா என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே முடிவு செய். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கூடத்துச் சுவரில் ஈரம் ஏறிப் பெயின்ட் உரிகிறது, கொத்தனார் நாளைக்கு வருகிறேன் என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீ குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பது உன் மாமியாருக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், அலுவலகத்தில் உன் பக்கத்து இருக்கைக்காரிக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினாய். அதை நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. வாயால் சொல்ல வராததையெல்லாம் அங்கே எழுதுகிறேன் என்று இணையத்தில் இருக்கும் அந்த நோயாளிகள் குழுவின் இணைப்பை அம்மாவுக்கு அனுப்பினாயே, அவள் கண்ணாடியைத் தேடிச் சலித்து போனை என்னிடம் நீட்டிவிட்டாள். "சத்தியமாவது ஒண்ணாவது, பொண்ணு மூணு நாளா போன் எடுக்கல, நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்றாள். அப்படித்தான் படிக்கத் தொடங்கினேன். கருப்பையில் கருவை வைத்துவிட்டு, தங்குமா என்று காத்திருப்பவர்கள் காலையில் எத்தனையாவது நாள் என்ற எண்ணை மட்டும் எழுதுகிறீர்கள், மற்றவர்கள் 'இருக்கேன்' என்று ஒரு சொல் போடுகிறார்கள். மூன்றாவது முறையாக நீ காத்திருந்தபோது 'நாலு' என்று எழுதிய காலையில் யாரும் பதில் போடவில்லை. மதியம் வரை பார்த்தேன். வீட்டார் படிக்கலாம், நோயாளிகள்தான் எழுதலாம் என்பது அங்கே விதி. முப்பத்தொன்பது வயது, இரண்டு முறை தோற்றுச் சிகிச்சையை நிறுத்தியவள் என்று பொய் எழுதி உள்ளே போய் 'இருக்கேன்' என்று போட்டேன். அன்றிலிருந்து என்னை அக்கா என்றாய்.

அந்த அக்காவிடம்தான் என்னைப் பற்றியும் சொன்னாய். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா கோளாறு யாருக்குன்னுதான்கா முதல்ல கேப்பார், செத்தவனையே எழுப்பி தப்பு யார் மேலன்னு விசாரிக்கிற மனுஷன்" என்று எழுதினாய். காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துக் கோப்புகளோடு இருபத்தாறு வருடமாக நான் செய்யும் வேலை அதுதான். விஷயம் தெரிந்த அன்று அம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வியும் கோளாறு யாருக்கு என்பதுதான். நீ சொன்னது சரியாக இருந்ததால் உன்மேல் கோபம் கூடுதலாக வந்தது.

ஒன்பதாம் நாள் எண்ணுக்குப் பதில் 'ரத்தம்' என்று எழுதினாய். குளியலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்திருக்க முடியவில்லை என்றாய். நான் அலுவலகக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அதே 'இருக்கேன்' என்ற ஒரு சொல்லைப் போட்டேன். இப்போது அந்த அக்காவுக்குத் தனியாக எழுதிக் கேட்கிறாய்: "நிறுத்தினப்புறம் உங்களுக்குத் தூக்கம் வந்துச்சாக்கா? வந்துச்சுன்னு சொல்லுங்க, நானும் நிறுத்திடறேன்." நான்கு நாளாகப் பதில் போடவில்லை. நிறுத்தியவள் என்று யாரும் இல்லையம்மா. இல்லாத ஒருத்தியின் தூக்கத்தை நம்பி நீ முடிவெடுக்கக் கூடாது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். இதைப் படித்ததும் அந்த அக்கா உனக்கு இருக்கமாட்டாள். அப்பா எப்போதோ இல்லாமல் போய்விட்டான். உனக்குச் சொல்லி அழ இருந்த ஒரே ஆளையும் பிடுங்கிக்கொள்கிறேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

தொடர்வதோ நிறுத்துவதோ மருத்துவரிடம் நேரில் கேள், மாத்திரையை நீயாக விட்டுவிடாதே. அம்மாவைக் கோபிக்காதே, நான் அங்கே எழுதியது அவளுக்குத் தெரியாது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஒரு நாளாவது நன்றாகத் தூங்கி எழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். அதற்கு மேல் வாழ்த்த வாய் வரவில்லை.

அப்பா என்று கீழே எழுதினேன், அந்தப் பெயரிடம் எதையும் சொல்லக்கூடாது என்று நீ தீர்மானித்தது நினைவு வந்து அடித்துவிட்டேன். அக்கா என்று எழுதக் கூசுகிறது. கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.