முதல் ஓலைக்கு முன்

போடி
22-8-1984

அன்புள்ள பேத்தி கிருபாவதிக்கு அப்பத்தா சாராள் எழுதுவது. கர்த்தர் தயவில் நானும் உன் சொர்ணலதா அத்தையும் இங்கன சுகமாக இருக்கிறோம், ரொட்டிக்கடை அடுப்பும் அணையாமல் இருக்கிறது. உனக்கு ஏழு மாதம் நடக்கிறது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அங்கன ஜெர்மனியில் அப்படி என்னதான் ஆராய்ச்சி என்று நான் கேட்டதற்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். ஐந்தாம் வகுப்புக்காரிக்கு விளங்குமோ என்று யோசித்திருப்பாய். விளங்கியது. யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லவில்லை. ரொட்டி மாவில் போடும் ஈஸ்ட் கண்ணுக்குத் தெரியாத உயிர். தீனி கிடைக்காவிட்டால் உடனே செத்துப்போகாது. தன்னிடம் இருக்கிறதையே உள்ளே இருக்கும் ஒரு பையில் கரைத்து, கரைந்ததை வைத்து வேண்டியதைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். பட்டினி நீண்டால் பழைய உடம்பு வெறும் கூடாகி, அதற்குள் நாலு வித்து உண்டாகும். அந்தப் பை வேலை செய்யாத ஈஸ்ட் சீக்கிரம் செத்துப்போகும், வித்தும் கட்டாது. இவ்வளவுதானே?

பலசரக்குக் கடை சங்கரலிங்கம் பன் வாங்க வந்தவர், பேத்தி அங்கன என்ன செய்யுது என்று கேட்டாக. ஈஸ்டைப் பட்டினி போட்டுப் பார்க்கிறாள் என்றேன். அதுக்கு எதுக்கு ஆத்தா ஜெர்மனி, இங்கன பட்டினிக்கு என்ன குறைச்சல் என்று சொல்லிவிட்டுப் போனாக. சிரித்துவிட்டேன். ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

உன் தாத்தா தவறியபோது எட்டு நாள் கடையைச் சாத்தியிருந்தோம். டின் ஈஸ்ட் வராத காலம். முந்தின நாள் மாவில் ஓர் உருண்டையை எடுத்துவைத்துத்தான் மறுநாள் மாவைப் புளிக்க வைப்போம். எட்டாம் நாள் பானையைத் திறந்தால் உருண்டை சுருங்கி, மேலே தண்ணீர் விட்டு, புளித்த நெடி. கொட்டப் போனேன். உன் அத்தைதான் விடவில்லை. புது மாவு போட்டுப் பிசைந்து வைத்தாள், மூன்றாம் நாள் பொங்கியது. அந்த எட்டு நாளும் அது எதைத் தின்று கிடந்தது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அத்தைக்கும் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். பிசைந்த கையை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும், வித்து வந்த பிறகு அந்தக் கூடு என்ன ஆகுமாம், கேட்டு எழுதும்மா என்றாள்.

அவளுக்கு நீ தனியாக எழுதியதையும் பார்த்தேன். பிரசவத்துக்கு வந்து, பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை கூட இருக்கும்படி கேட்டிருக்கிறாய். உனக்குத் தெரியாது என்பதால் கேட்டுவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

பெரியகுளத்தில் ஆதித்தன் என்று ஒருவர், பழத்தோட்ட ஆராய்ச்சிப் பண்ணை ஆபீசில் கிளார்க். மனைவி தவறி நாலு வருஷம், பிள்ளை இல்லை. ஜூலையில் வந்து அத்தையைப் பார்த்தாக. அவளுக்கு நாற்பது வயதாயிற்றே என்று நான்தான் சொன்னேன். எனக்கு மட்டும் இருபதா என்றாக. உன் அத்தை அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷம்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி ஞாயிறு கோயிலில் முதல் ஓலை வாசிப்பதாக ஏற்பாடு. மூன்று ஞாயிறு சபைக்கு ஓலை வாசித்து அறிவித்ததும் நாலாவது வாரம் கல்யாணம். உன் கடிதம் வந்த மறுநாளே, ஓலை வேண்டாம் என்று போதகரிடம் சொல்லிவிடும்மா என்கிறாள். பிள்ளைத்தாய்ச்சி கூப்பிடுகிறாள், போகாமல் எப்படி என்கிறாள். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கத் தேனிக்குப் போய்வந்தாள். அவர் பெண் பார்க்க வந்தபோது கட்டியிருந்த நீலச் சேலையைத்தான் உடுத்திக்கொண்டு போனாள்.

இனி எழுதுவதை வாசித்ததும் கிழித்துவிடு. உனக்கு ஏழு வயதில் உன் அம்மா தவறிப்போனாள். உன் அப்பன் அய்யாத்துரை வேறு கல்யாணம் கட்டி ஏலக்காய்த் தோட்டம் என்று மலையேறிவிட்டான். உன்னை வளர்த்தவள் உன் அத்தை. அடுத்த இரண்டாம் வருஷம், அவளுக்கு இருபத்திரண்டு வயதில், உத்தமபாளையத்தில் நல்ல இடம் அமைந்து முதல் ஓலையும் வாசித்தாயிற்று. அவள் போய்விட்டால் மாவு பிசைய யார், உனக்குத் தலை வார யார் என்று பயந்தேன். பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று நானே போதகரிடம் சொல்லி நிறுத்தினேன். அவளிடம், மாப்பிள்ளை வீட்டார் மனம் மாறிவிட்டார்கள் என்றேன். இன்றுவரை அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

நீ பெங்களூரில் படித்தாய், ஜெர்மனி போனாய். கடை நிற்கிறது. ஈஸ்ட் தன்னைத்தான் கரைத்துக்கொள்கிறது. நான் என் மகளைக் கரைத்தேன்.

அவளிடம் உண்மையைச் சொல்லத் திராணி இல்லை. ஐந்தாம் வகுப்புவரை படித்தேன், கடையை ஒற்றையாளாய் நிமிர்த்தினேன் என்று ஊரெல்லாம் பேசியவள்தான், இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. நீதான் ஒன்று செய்ய வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளுங்கள் அத்தை என்று எழுதாதே. அவளுக்காக நீ விட்டுக்கொடுப்பதாக எண்ணிக்கொண்டு அதையும் தள்ளிவிடுவாள். இங்கே வேறு ஆள் அமர்த்திவிட்டோம், நீங்கள் வர வேண்டாம், வீட்டில் இடமும் இல்லை என்று வெடுக்கென்று எழுது. கடிதம் தாமதமாகும், தந்தியே கொடு. அழுவாள். வளர்த்த பிள்ளை எட்டி உதைத்தது என்று பேசுவாள். நானும் கூடச் சேர்ந்து உன்னைத் திட்டுவேன். பொறுத்துக்கொள். அந்தக் கோபத்திலாவது பெரியகுளம் போய்ச் சேர்வாள்.

எனக்கு எழுபது ஆகிறது. கடையைப் பற்றி நீ ஒன்றும் கேட்க வேண்டாம்.

பத்தியமாக இரு, குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். தலைப்பிரசவம் நல்லபடியாக முடிந்து, தாயும் பிள்ளையும் சுகமாக எழுந்திருக்கக் கர்த்தர் துணை இருப்பார். உன் பிள்ளை கொழுகொழுவென்று வளரட்டும். அது வளர யாரும் கரையாமல் வளரட்டும். ஒன்பதாம் தேதிக்குள் தந்தி கொடுத்துவிடு, ஆத்தா.

உன் அப்பத்தா
சாராள்