பாக்கெட்டின் பின்பக்கம்

2014 ஜூன் 9, திங்கள்

மழை என்று சொல்ல முடியாது, வெறும் தூறல். ஏற்காடு ஏரிப்பக்கம் ஈ காக்கை இல்லை. அவர் சரக்கெடுக்கச் சேலம் போயிருக்கிறார். கடையில் நான் மட்டும். துணைக்குச் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள்.

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரமாகிறது. காலையில் கை தானாக இரண்டு டப்பாவை எடுக்கிறது. சங்கவிக்குக் கட்டிவிட்டு, பூபதியின் டப்பாவைத் திரும்ப அலமாரியில் வைக்கிறேன். அவன் தை மாதத்தில் போனான். பத்து வயதுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய். ஏன் வந்தது என்று கேட்டதற்கு, “சிலருக்கு வருதுங்கம்மா, காரணம் சொல்ல முடியாது” என்றார் சேலத்து டாக்டர். சிலருக்கு! பஸ்ஸில் சிலருக்கு ஜன்னல் சீட்டு கிடைக்கிற மாதிரி.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஒரு தக்காளி வளையம் பாக்கெட்டைத் திருப்பினேன். பூபதிக்கு அதுதான் உயிர். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்து ஒன்றைப் பிய்த்துக்கொள்வான். எல்லா விரலிலும் மோதிரமாக மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடிப்பான். நம் கடைதானே, யார் கேட்பது? நானும் சிரித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

பின்பக்கம் பொடி எழுத்து. அவருடைய படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். பன்னிரண்டாவது வரை படித்த இங்கிலீஷ் இதற்காவது உதவட்டும். சோள மாவு, பாமாயில், உப்பு, சர்க்கரை. அதற்கப்புறம் வார்த்தையே இல்லை, நம்பர்தான். 110, 621, 319.

தின்கிற பண்டத்தில் நம்பருக்கு என்ன வேலை?

ஜூன் 11

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் பிரௌசிங் சென்டருக்குப் போய் அந்த நம்பர்களைத் தேடச் சொன்னேன். கலருக்கும் ருசிக்கும் கெட்டுப்போகாமல் இருக்கவும் சேர்க்கும் ரசாயனங்களாம். ஒரு இடத்தில் விஷம் என்று போட்டிருந்தது. இன்னொரு இடத்தில் அளவோடு சேர்த்தால் பயமில்லை என்று போட்டிருந்தது. இரண்டில் எதை நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன் என்று எழுத வேண்டுமா?

ஜூன் 15, ஞாயிறு

கடையில் ஒன்று விடாமல் படித்துவிட்டேன். ஜூஸ், ஜாம், பிஸ்கட், நூடுல்ஸோடு வரும் மசாலா, டூரிஸ்டுகள் வாங்கும் கலர் மிட்டாய். சங்கவி பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். இரண்டாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியாது, நம்பர் மட்டும் ஆயிரம் வரை தண்ணி பட்ட பாடு.

“அம்மா, இதுல 211!”

“அது கெட்ட நம்பர் கண்ணு.”

“தின்னா என்னாகும்?”

அண்ணன் மாதிரி ஆகிவிடும் என்றேன்.

பாக்கெட்டைச் சட்டென்று கீழே வைத்துவிட்டுப் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். சொல்லியிருக்க வேண்டாமோ? இல்லை, சொன்னது நல்லதுதான். பயம் இருந்தால் தொட மாட்டாள். அவனுக்கு ஒருத்தி இப்படிச் சொல்லியிருந்தால்!

ஜூன் 21, சனி

இன்று காலை சரம் அத்தனையையும் திருப்பிப் போட்டேன். படம் உள்பக்கம், பொடி எழுத்து ரோட்டைப் பார்த்து. ஜீப்பில் வந்த குடும்பம் ஒன்று நின்று பார்த்தது. அந்தம்மாள் எல்லாம் பழைய ஸ்டாக்கோ என்று சொல்லிக்கொண்டே பக்கத்துக் கடைக்குப் போனாள்.

அவர் டீ குடித்துவிட்டு வந்தார்.

“ஏ தனம், ஆரு இப்பிடித் திருப்பிப் போட்டது?”

“நாந்தானுங்க.”

“வாங்கறவன் மூஞ்சியப் பாத்து வாங்குவானா, முதுகப் பாத்து வாங்குவானா?”

“படிச்சுப் பாத்துட்டு வாங்கட்டுமுங்க.”

அவர் ஒவ்வொரு சரமாகத் திருப்பிவிட்டார். தக்காளி வளையம் சரத்துக்கு வந்ததும் கை நின்றது. அப்படியே கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, பின்னால் போய் மூக்கைச் சிந்தினார். பூபதி அவருக்கும்தான் மகன். எனக்கு அது அடிக்கடி மறந்துபோகிறது.

ஜூன் 22

நான் திருப்பினேன். அவர் திருப்பினார்.

ஜூன் 28, சனி

தலைச்சோலையிலிருந்து மருதாயி வந்தாள். காப்பி எஸ்டேட்டில் வேலை. சனிக்கிழமை கூலி வாங்கினால் பேரப்பிள்ளைகளுக்கு நம் கடையில்தான் ஏதாவது வாங்குவாள். கலர் ஜூஸ் நாலு கேட்டாள். தர மாட்டேன் என்றேன். பாட்டிலைத் திருப்பிக் காட்டி 211 என்ன, 102 என்ன என்று ஒரு பாடமே எடுத்தேன்.

பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

“ஏனுங்க அம்மணி, காலையில குளுர்ல போனா பொழுதுக்கும் காட்டுல நிக்கறனுங்க. ஊட்டுக்குப் போனா புள்ளைங்க கையத்தான் பாக்கும். நா என்னத்தக் குடுக்க?”

“கொய்யாப்பழம் வாங்கிக் குடுங்க.”

“எஸ்டேட்டுல நின்னு கொய்யா திங்காத புள்ளைங்களா? அதுகளுக்குக் கடைச் சாமானம் வேணுங்க. ஊருப் புள்ளைங்க குடிக்கறத ஒரு நா குடிச்சுப் பாக்கோணும்னு இருக்குது.”

பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போனாள். பின்னாலேயே போய்ப் பிடுங்கலாம் போல இருந்தது. பிடுங்கி? ஏற்காட்டில் நம் கடை ஒன்றா இருக்கிறது?

ஜூலை 3

சங்கவி பால் வேண்டாம் என்கிறாள். பிடிவாதம். என்னவோ முணுமுணுத்தாள், காதில் வாங்கவில்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்தால் தானாகக் குடிப்பாள்.

ஜூலை 8, செவ்வாய்

தெரசம்மாள் டீச்சர் கடைக்கே வந்துவிட்டார். ஜாம் வாங்கத்தான் வந்தார் என்று நினைத்து, அதைத் தராமல் இருக்க என்ன சாக்குச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் புத்தி அப்படி!

“தனலட்சுமி, சங்கவி மத்தியானத்துல சாப்பிடறதே இல்லீங்க. உங்களுக்குத் தெரியுமுங்களா? டப்பாவக் கொண்டுபோயி மரத்தடியில கொட்டிருது. ரெண்டு வாரமா நடக்குதாம், பிள்ளைங்க இன்னிக்குத்தான் சொன்னாங்க.”

தினமும் காலி டப்பா வந்ததே. கழுவிக் கவிழ்த்தேனே.

சாயந்திரம் மடியில் உட்காரவைத்துக் கேட்டேன். அடிக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன். அப்புறம் சமையல்கட்டுக்கு இழுத்துப் போய்க் காட்டினாள். அரிசி மூட்டையில் பெரிதாக 25. உப்பு பாக்கெட்டில் நம்பர். மஞ்சள் தூளில் நம்பர். பால் பாக்கெட்டில் தேதியும் விலையும்.

“எல்லாத்துலயும் இருக்குதும்மா. நீ பாக்கவே இல்ல.”

என்னைக் காப்பாற்றுகிற மாதிரி சொன்னாள். தோளில் சட்டை நிற்கவில்லை, வழிகிறது. நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் இத்தனை நாள்? பாக்கெட்டை.

ஜூலை 9

அரிசி, பருப்பு, உப்பு எல்லாவற்றையும் டின்களில் கொட்டி, கவர்களை அடுப்பில் போட்டேன். கிலோ கணக்குக்குப் போட்ட நம்பர் இது, அது வேறே இது வேறே என்று தலைகீழாக நின்று சொன்னேன்.

“கொட்டி வெச்சா நம்பர் போயிருமா?” என்று கேட்டாள்.

ஜூலை 14, திங்கள்

டவுனில் டாக்டரம்மாவிடம் காட்டினோம். எடை நன்றாகக் குறைந்திருக்கிறது. ரத்தம் எடுத்தார்கள். பூபதிக்கும் இப்படித்தான், முதலில் ஒரு சின்ன ஊசியில்தான் ஆரம்பித்தது. ரிசல்ட் வரும் வரை அவர் வெளியே நின்று மழையில் நனைந்துகொண்டிருந்தார். சோகை மட்டும்தான். வேறொன்றும் இல்லை.

நான் நம்பர் விஷயம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை, அதற்காகவே காலில் விழலாம்.

“படிச்சுப் பாத்து வாங்கறது நல்ல பழக்கமுங்க. கலர் போட்டது, பாக்கெட்டுல வர்றது எல்லாம் கொறச்சுக்கிட்டா நல்லதுதான். ஆனா பையனுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு நா சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. இந்தப் புள்ளைக்கு எதனால வந்துச்சுன்னு மட்டும் தெரியுது.”

என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

எழுதிக் கொடுத்த டானிக் பாட்டிலில் ஒரே நம்பராக இருக்கிறது. சங்கவி வாயைத் திறக்கவே இல்லை.

ஜூலை 16

வாழைப்பழம் பாதி. கொய்யா ஒரு கடி. அது மரத்தில் காய்த்தது, நம்பர் இல்லை.

பூபதி ஆஸ்பத்திரியில் இருந்தபோது சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய், எனக்கு எது வந்தாலும் பரவாயில்லை, இவனை விட்டுவிடு என்று அழுதேன். சாமி கேட்கவில்லை. சாமி மேல் எனக்குக் கோபம். ஆனால் இப்போது போய் நிற்க மூஞ்சி இல்லை. என்னவென்று கேட்பது? இவளுக்கு நானே கொடுத்ததை நீ எடுத்துக்கொள் என்றா?

பெத்தவ பண்ற வேலையாடி இது. பெத்தவ பண்ற வேலையா.

ஜூலை 20, ஞாயிறு

கடையில் கூட்டம். நான் போகவில்லை. மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு சாப்பிடாமல் பேசினார்.

“நீ சொன்னதத்தான் அது நம்பிட்டு இருக்குது. நா சொன்னா எடுபடாது. நீதான் தின்னு காட்டோணும்.”

“எத?”

“அதத்தான்.”

“தின்னா, நா சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆயிருமுங்களே.”

“ஆவட்டும்.”

“அப்பப் பூபதி?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, “அவனுக்கு ஒரு காரணம் வேணும்னு இவளையும் குடுத்தர முடியாது தனம்” என்றார்.

எழுந்து போய்விட்டேன். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், ஒரு நாளும் இவ்வளவு கோபம் வந்ததில்லை. அவர் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம்.

ஜூலை 23, புதன்

காலையில் பிரேயரில் நிற்கும்போது மயங்கி விழுந்துவிட்டாள். டீச்சர் ஆட்டோவில் கூட்டி வந்தார். நெற்றியில் புடைப்பு. தூக்கினேன், கனமே இல்லை.

படுக்கவைத்துவிட்டு, அவர் மூலையில் போட்ட அட்டைப் பெட்டியைத் திறந்தேன். தக்காளி வளையம் ஒன்றைப் பிய்த்துக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு விரலில் மாட்டினேன். அடுத்த விரலில். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, வேண்டாம்மா.”

வாயில் போட்டேன். துப்பும்மா, துப்பும்மா என்று என் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள். நான் மென்றேன். கையைத் தட்டிவிட்டாள், கீழே விழுந்ததையும் பொறுக்கித் தின்றேன். அவளுக்கு இருந்த கொஞ்சப் பலமும் அழுது தீர்ந்தது. எனக்கும்தான்.

உப்பும் புளிப்புமாக இருந்தது. இத்தனை வருஷம் விற்றிருக்கிறேன், ஒருநாளும் தின்றதில்லை. பூபதி, நல்லாத்தாண்டா இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு சாமி.

ஜூலை 24

பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றுவிட்டாள். நாள் முழுக்க என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். வயிறு வலிக்குதா, தலை சுத்துதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பூபதிக்கு முதலில் வந்த மாதிரி என் கையில் சிவப்புப் புள்ளி வந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதையெல்லாம் எப்போது கவனித்து வைத்தாள்?

ஜூலை 25

விடியும்போது கண் விழித்தேன். மூக்குக்குக் கீழே அவள் விரல்.

“இருக்கறயா?” என்றாள்.

ஜூலை 28, திங்கள்

அரை டம்ளர் பால். அவள் சொன்னபடி நான் முதலில் குடித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து, அதற்கப்புறம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. சேலத்திலிருந்து பஸ் பஸ்ஸாகக் கூட்டம். அவர் கடையை விட்டு நகரவில்லை. கலர் ஜூஸ் எடுப்பதை நிறுத்திவிட்டார், நான் கேட்கவில்லை. மற்றதெல்லாம் தொங்குகிறது. அதையும் நிறுத்தினால் கடை நடக்காது.

தயிர்சாதம் பிசைந்து கொடுத்தேன். எனக்கு ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். இப்போதெல்லாம் அப்படித்தான் சாப்பாடு. பாதி ஆனதும் கேட்டாள்:

“நீ தின்னயே, உனக்கு ஒண்ணும் ஆவலயே.”

“ஆவல.”

“அப்ப அண்ணன் எதனாலம்மா செத்தான்?”

ஒரு மாசத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நம்பர் நம்பராகச் சொல்லியிருப்பேன்.

“தெரியல கண்ணு.”

“டாக்டருக்கு?”

“அவருக்கும் தெரியாதாம்.”

பிறகு வாயைத் திறந்து காட்டினாள். மீதியையும் ஊட்டினேன். என்னை ஒரு வாய் சாப்பிடச் சொல்ல மறந்துவிட்டாள்.

சாயந்திரம் கடைக்குப் போனேன். சரமெல்லாம் படம் தெரியத் தொங்கியது. அவருடைய கண்ணாடியைக் கல்லாப் பெட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். எனக்கு இனிமேல் படிக்க ஒன்றும் இல்லை.