என்னைக் கேட்காமல் மாட்டிய எஞ்சின்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் சைக்கிளை எடுக்கப் போனால் அது என் சைக்கிளாக இல்லை. நடுவில் ஒரு எஞ்சின். மருந்து தெளிக்கும் மெஷினிலிருந்து கழற்றியதாம். மேலே சின்ன பெட்ரோல் டேங்க், பக்கத்தில் வளைந்த சைலன்சர். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "முட்டி வலி, மேடு ஏற முடியலன்னு சொன்னேல்ல. இனிமே மிதிக்கவே வேணாம்."

சொன்னேன்தான். வீடு வீடாகப் போகும் நர்ஸ் நான், ஒரு நாளைக்குப் பதினோரு வீடு ஏறி இறங்கிக் கட்டு மாற்றுகிறேன், ஊசி போடுகிறேன். அதில் ஆறு வீடு மேட்டுத் தெருவில். ஆனால் நான் சொன்னதை முழுதாகக் கேட்டானா? பேட்டரியில் ஓடும் மோட்டார் வாங்கப் போகிறேன், சக்கரத்துக்குள்ளேயே இருக்கிற வகை, மாட்டித் தருகிறாயா என்று கேட்டேன். முட்டி வலி மட்டும் காதில் விழுந்திருக்கிறது.

"பேட்டரி எல்லாம் பொம்மைக்குத்தான். பாதி வழியில செத்துடும். பெட்ரோல்னா ஒரு பாட்டில் ஊத்திட்டுப் போயிட்டே இருக்கலாம்."

நாற்பத்து மூன்று வயதுக்காரியின் சைக்கிளை அவளைக் கேட்காமல் பிரிக்கலாமா? ஊரில் எல்லா எஞ்சினையும் பழுது பார்க்கிறவன் என்றால் தங்கச்சியையும் பழுது பார்த்துவிடலாமா?

மார்ச் 5, புதன்

சைலன்சர் கெண்டைக்காலைச் சுட்டுவிட்டது. பையிலிருந்த மருந்தை எனக்கே போட்டுக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

பக்கவாதத்தில் படுத்திருக்கும் தையல்காரர் வீடு. அவர் மனைவி கதவைப் பாதிதான் திறந்தார். "இப்பத்தான் கண்ணசந்தாரு. உங்க வண்டி தெருமுனைக்கு வந்ததுமே தூக்கிவாரிப் போட்டு முழிச்சுட்டாரு."

இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவியும், முதுகுப் புண்ணுக்குக் கட்டுப் போடும்போது அந்த மனிதர் மூக்கைச் சுருக்கினார். பேச வராது அவருக்கு. பெட்ரோல் வாடை என்று எனக்கே தெரிந்தது. வெட்கமாகப் போயிற்று.

மார்ச் 17, திங்கள்

மேற்பார்வை அம்மா கூப்பிட்டு விட்டார். மூன்று வீட்டிலிருந்து புகார். "நோயாளி வீட்டுக்குப் போறீங்களா, பந்தயத்துக்குப் போறீங்களா?" இனித் தெருமுனையிலேயே எஞ்சினை அணைக்க வேண்டும், இல்லையென்றால் மேட்டுத் தெருவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். ஒன்பது வருடமாக நான் பார்க்கும் வீடுகள்.

ஆக, முட்டி வலிக்காரி, எஞ்சினோடு கனக்கும் சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு போகிறாள். என்ன அழகு.

சாயங்காலம் நேரே அவன் கடைக்குப் போய்க் கத்தினேன். வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், இருக்கட்டும். அவன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "சத்தம் வந்தாத்தான் எதிர்ல வர்றவன் ஒதுங்குவான். சைக்கிளை எவன் பார்க்கிறான்? போன வருஷம் கார் கதவுல மோதி விழுந்தது யாரு?"

நான்தான். அதனாலேயே இன்னும் ஆத்திரம் வந்தது.

மார்ச் 18, செவ்வாய்

அண்ணனோடு பேச்சு இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

எஞ்சினைக் கழற்றி அவன் கடை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டரை மணி நேரம், ஒரு நகம் பெயர்ந்தது. நான் சொல்லி வைத்திருந்த மோட்டார் சக்கரம் வந்துவிட்டது. பேட்டரியை நானே கட்டப் போகிறேன். லேப்டாப் பழுது பார்ப்பவரிடம் பழைய பேட்டரி செல் ஐம்பத்திரண்டு கிடைத்தது. "எல்லாம் ஒரே மாதிரியான்னு மீட்டர் வெச்சுப் பார்த்துச் சேருங்க. சார்ஜ் மிஞ்சினா நிறுத்துற பாதுகாப்பு போர்டு வர்றதுக்கு முன்னாடி சார்ஜ் மட்டும் போட்டுடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

முன் வீட்டிலிருந்து அண்ணி வந்தாள். "அவர் சோத்துல கை வெச்சா உன் பேட்டரியத் திட்டுறார். உப்பு குறைஞ்சாகூட எனக்குத் திட்டு விழறதில்ல, அந்த வகையில நிம்மதி."

ஏப்ரல் 6, ஞாயிறு

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

போர்டு இன்னும் வரவில்லை. நான் காத்திருக்கவில்லை. நாளைக்கே ஓட்டிக் காட்ட வேண்டும், அவன் கடை வழியாகவே போக வேண்டும் — அவ்வளவுதான் மண்டைக்குள். மத்தியானம் சார்ஜ் போட்டுவிட்டுத் துணி காயப்போடப் போனேன். உஸ் என்று ஒரு சத்தம். உள்ளே ஓடினால் பேட்டரிப் பெட்டியிலிருந்து வெள்ளைப் புகை. மேலே மரஅலமாரி, பக்கத்தில் மெத்தை. என்ன பண்ணினேன்? ஒண்ணும் பண்ணல. நின்னேன். எத்தனை தீக்காயம் பார்த்தவ நான், மரம் மாதிரி நின்னேன்.

முன் வீட்டிலிருந்து அண்ணன் ஓடி வந்தான். வயரைப் பிடுங்கினான். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் முற்றத்து மணலில் எறிந்தான். அதற்குப் பிறகுதான் அது வெடித்து எரிந்தது.

அவனுக்கு வலது உள்ளங்கை முழுவதும் வெந்துவிட்டது, விரல்களும் சேர்த்து. இடது கையில் அங்கங்கே.

ஏப்ரல் 7, திங்கள்

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்தாயிற்று. தினமும் கட்டு மாற்ற வேண்டும். யார் மாற்றுவது? நான்தான்.

"அப்பவே சொன்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம். பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

கட்டை அவிழ்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்: "பேட்டரி கட்டப் போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"கேட்டேன். எஞ்சினை மாட்டி நிறுத்தின."

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எனக்கு கரண்ட் வேலை தெரியாதும்மா. முப்பது வருஷமா எஞ்சினைப் பிரிச்சு மாட்டறவன், தங்கச்சி வந்து கேட்டா தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

இதற்காகவா? இந்த ஒரு வார்த்தை வாயில் வராததற்காகவா என் கால் வெந்தது, வேலை ஆட்டம் கண்டது, அவன் கை இப்படி ஆயிற்று? போர்டு வரும்வரை நானும்தான் பொறுக்கவில்லை. கோபத்தில் பஞ்சைக் கொஞ்சம் அழுத்திவிட்டேன். "மெதுவா" என்றான். மெதுவாகத்தான் செய்தேன் பிறகு.

ஏப்ரல் 27, ஞாயிறு

புது செல், புது போர்டு. அவன் கடையில் வைத்தே கட்டினோம். லேப்டாப்காரர் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல, நான் செல்களைப் பற்றவைத்து இணைத்தேன். அண்ணன் இடது கையால் மீட்டரைப் பிடித்து ஒவ்வொரு செல்லாக அளந்து சொன்னான். மூன்று செல்லைத் தள்ளினான். வயர் தடிமன் போதாது என்று சண்டை. அவன் சொன்னதுதான் சரி என்றார் லேப்டாப்காரர். அண்ணன் முகத்தில் என்ன ஒரு களை. எரிச்சலாக வந்தது.

மே 12, திங்கள்

பதினோரு வீடும் ஒரு மணிக்குள் முடிந்தது. வண்டி வந்ததே தெரியவில்லை என்று தையல்காரர் மனைவி சொன்னார். கதவைத் தட்டத்தான் வேண்டியிருந்தது.

அண்ணனுக்கு இன்று கட்டு முழுதாக எடுத்தேன். வலது சுண்டுவிரல் மடங்கவில்லை. இனி மடங்காது, சொல்லிவிட்டேன். "ஸ்பேனர் பிடிக்க நாலு விரல் போதும்" என்றான்.

சாயங்காலம் பேட்டரியை அவன் கடை வாசலில், சிமென்ட் தரையில் வைத்து சார்ஜ் போட்டேன். நான் ஒரு ஸ்டூலில், அவன் ஒரு ஸ்டூலில், பக்கத்தில் மணல் வாளி. "நீ போ, நான் பார்த்துக்கறேன்" என்றேன். "நீ போ" என்றான். பச்சை விளக்கு வரும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.