கை இறுக இறுக

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் ஆரம்பித்தால் நாம் எங்கே போய் நிற்போம் என்று இருவருக்கும் தெரியும், அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் குரலை உயர்த்த முடியாது.

எங்கள் அரங்கத்தின் பழைய குமாஸ்தா மூட்டுவலிக்காக உன் ஜிம்முக்கு வந்தாராம். பேச்சோடு பேச்சாக எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டிவிட்டாராம். அவரே எனக்குப் போன் செய்து சொன்னார். ஆமாம், நடந்தது உண்மைதான். பதினொரு வருஷத்துக்கு முன்னால், அம்மாவுக்குத் துணையாக நீ ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், நாடக அரங்கத்தின் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்க உன்னைத் தேர்வுக்கு அழைத்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. நான் பிரித்தேன். உனக்கு மணிக்கட்டு உடைந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, நான் போய் வாசித்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். எப்படியும் நீ கல்யாணமாகிப் போகிறவள், உனக்கெதற்கு என்று அப்போது தோன்றியது. நீ கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பது வேறு விஷயம். தப்புதான். ஆனால் இப்போது பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது, சொல்.

உன்னிடம் ஓர் உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். புது மேலாளர் வந்திருக்கிறார். ஏப்ரல் 28 அன்று குழுவில் எல்லோரும் மறுபடி வாசித்துக் காட்ட வேண்டுமாம், வெளியாட்களும் வரலாமாம். எனக்கு நாற்பத்து மூன்று வயது. நாடகம் இரண்டரை மணி நேரம். இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குகிறது, தோள் கனக்கிறது. போன மாதம் ஒரு வேகமான பாட்டில் அரைத் தட்டு பின்தங்கிவிட்டேன். குழுத் தலைவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நீ கண்டிருந்தால் நீயே இரங்கியிருப்பாய்.

எத்தனையோ பேருக்கு உடம்பைத் தேற்றிவிடுகிறாய். சொந்த அண்ணனுக்கு ஒரு பயிற்சி அட்டவணை எழுதி அனுப்பக் கூடாதா? அண்ணி உன்னை விசாரித்தாள். சின்னவள் அத்தை எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன்
அண்ணன்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் மூன்று நாள் மேஜைமேல் பிரிக்காமலே கிடந்தது. இன்று காலை பிரித்தேன். என் பெயருக்கு வந்த கடிதத்தை நானே பிரிப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

கோபம் வரவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். குமாஸ்தா சொன்ன அன்று இரும்புத் தட்டுகளை அடுக்கும்போது என் விரலையே நசுக்கிக்கொண்டேன். ஆனால் எனக்கும் நாற்பது நெருங்குகிறது. எவ்வளவு நாள்தான் சுமந்துகொண்டு திரிவது? இறக்கி வைத்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்.

நீ கேட்டது சரியான கேள்வி. டிரம்ஸ் கையால் வாசிப்பது என்றுதான் ஊர் நினைக்கிறது. உண்மையில் முதலில் தளர்வது கால், அப்புறம் இடுப்பு. முதுகு சரிந்த பிறகு தோள் தனியாகப் பாரம் தாங்குகிறது, அதனால்தான் கனக்கிறது. தினமும் இருபது நிமிஷம் மாடிப்படி ஏறி இறங்கு. நாற்பது முறை உட்கார்ந்து எழு. பத்து நாளில் மூச்சு உன் பேச்சைக் கேட்கும்.

கைக்குத் தனியாகச் சொல்கிறேன், கவனமாகப் படி. கைப்பிடி ஸ்பிரிங் ஒன்று வாங்கி ஒரு கைக்கு இருநூறு முறை அழுத்து. மூன்று கிலோ டம்பெல்லைப் பிடித்து மணிக்கட்டை மட்டும் மடக்கி நிமிர்த்து. பழகப் பழக எடையைக் கூட்டு. கம்பியைப் பிடித்து, விரல் தானாக விட்டுப்போகும்வரை தொங்கு. ஒரு நாள்கூட விடாதே. முடித்த கையோடு டிரம்ஸ் முன்னால் போய் உட்கார். சோர்ந்த கையால் வாசித்துப் பழகினால், தேர்வு அன்று ஓய்வெடுத்த கை பறக்கும்.

அண்ணிக்கும் சின்னவளுக்கும் என் அன்பு.

உன்
தங்கை


மார்ச் 2

அன்புள்ள வாலு,

நீ சாதாரண ஆள் இல்லை. நேற்று முழு நாடகமும் வாசித்தேன், ஒரு தடவைகூட வாயைத் திறந்து மூச்சு வாங்கவில்லை. பெடலில் கால் நின்று விளையாடுகிறது. வயலின்காரர் இடைவேளையில் என் முன்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்றார். பழைய சட்டைகள் கைப்பக்கம் நுழையவில்லை. அண்ணி தைத்ததைப் பிரித்துவிட்டுக் கொடுக்கிறாள்.

பிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். "இவ்வளவு சீக்கிரமா சமாதானம் ஆகுற ஆளா அவ?" என்றாள். நான் அவளைத் திட்டிவிட்டேன். எங்கள் வீட்டுப் பெண்ணை எனக்குத் தெரியாதா?

ஒரே ஒரு சந்தேகம். இரண்டு குச்சியையும் விடாமல் உருட்டுகிற மெதுவான ரோல் வாசிக்கும்போது குச்சி தோலில் துள்ளாமல் குத்துகிறது. வலது கை கொஞ்சம் இரும்பு மாதிரி இருக்கிறது. பயிற்சி முடிந்த உடனே வாசிப்பதாலா? ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யலாமா?

உன்
அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

விடக்கூடாது. புதுச் செருப்பு கடிக்கிறது என்று யாராவது வெறுங்காலில் நடப்பார்களா? சதை புதிது, அது உன் கையோடு பழக வேண்டும். நடுவில் நிறுத்தினால் இதுவரை செய்தது அத்தனையும் வீண். மூன்று கிலோ டம்பெல்லை ஐந்தாக்கு. ஸ்பிரிங்கை முந்நூறாக்கு. ரோல் தடுமாறினால் இன்னும் அரை மணி நேரம் கூட வாசி, வழிக்கு வரும்.

அண்ணியிடம் சொல், நான் அவ்வளவு மோசமானவள் இல்லை என்று. சட்டையை இன்னும் கொஞ்சம் தாராளமாகவே பிரித்துவிடச் சொல்.

உன்
தங்கை


ஏப்ரல் 1

அன்புள்ள வாலு,

இன்று முட்டாள்கள் தினம் என்று சின்னவள் காலையிலிருந்து என்னை ஏமாற்றப் பார்த்தாள். நான் வேறு ஏமாந்துகொண்டிருந்தேன், என் கையிடம்.

ஒரு வாரமாக எழுந்தவுடன் வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடக்கின்றன. உதறினால் பத்து நிமிஷத்தில் சரியாகிறது. இன்று சரியாகவில்லை. சின்னவளைப் பள்ளிக்குக் கிளப்பும்போது அவள் சட்டைப் பொத்தானை என்னால் துளைக்குள் நுழைக்க முடியவில்லை. இரண்டு தடவை பார்த்தாள், "தள்ளுப்பா, நானே போட்டுக்கிறேன்" என்று போட்டுக்கொண்டாள். அப்புறம் ஸ்டூலில் ஏறி நின்று என் சட்டைக்கும் அவளே பொத்தான் போட்டுவிட்டாள். அண்ணி சமையலறையில் இருந்தாள், நல்லவேளை.

பயப்படும்படி ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன். நீ சொன்னபடி எல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறேன். இப்போது ஏழு கிலோ. தேர்வுக்கு இன்னும் இருபத்தேழு நாள்.

உன்
அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணா,

இதைப் படித்த நிமிஷத்திலிருந்து ஸ்பிரிங், டம்பெல், தொங்குவது எல்லாவற்றையும் நிறுத்து. குச்சியைத் தொடாதே. இரண்டு வாரம் விடுப்பு எடு. படி ஏறுவது மட்டும் போதும். தூங்கும்போது முழங்கையை மடக்காதே. நல்ல எலும்பு டாக்டர் ஒருவரை நாளைக்கே பார். ஓய்வு கொடுத்தால் தேர்வுக்குள் விரலில் உணர்ச்சி திரும்பிவிடும், வாசித்தும் விடுவாய்.

காரணம் கேட்காதே. தயவுசெய்து சொன்னதைச் செய்.

தங்கை


ஏப்ரல் 9

தங்கைக்கு,

நேற்று அறிவிப்புப் பலகையில் தேர்வுக்கு வருகிறவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். டிரம்ஸுக்கு மூன்று பெயர். என் பெயர், யாரோ ஒரு வெளியூர்க்காரர், அப்புறம் உன் பெயர். வயலின்காரர்தான் காட்டினார். உங்கள் தங்கை வாசிப்பாரா என்று கேட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் உன் கடிதம். நிறுத்து, தொடாதே, விடுப்பு எடு. அடேயப்பா, என்ன அக்கறை. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது என்னைக் கையைக் கட்டி உட்கார வைத்துவிட்டு நீ வந்து வாசித்துவிட்டுப் போகலாம் என்று பார்க்கிறாய். அண்ணி சொன்னபோது அவளைத் திட்டினேன். இன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நீ நல்ல மனசோடு முதலில் எழுதிக் கொடுத்ததையே செய்யப்போகிறேன். இன்றிலிருந்து காலையும் மாலையும். எட்டுக் கிலோ. மரத்தால் மரக்கட்டும். 28ஆம் தேதி நேருக்கு நேர் பார்ப்போம்.

அண்ணன்


ஏப்ரல் 30

அண்ணனுக்கு,

நேருக்கு நேர் பார்ப்போம் என்று எழுதினாய். அந்த நடைபாதை பெஞ்சில் நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைத் தாண்டி இரண்டு முறை தண்ணீர் குடிக்கப் போனாய், ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. நீ வாசித்தது முழுக்க எனக்குக் கேட்டது. ஒரு பக்கம் தெரியவும் செய்தது.

முதல் இருபது நிமிஷம் நீ உன் வாழ்க்கையிலேயே நன்றாக வாசித்தாய். அவ்வளவு மூச்சு, அவ்வளவு கால். மேலாளர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவர், ஒரு பெண் தனியாக மெல்லப் பாடுகிற இடம், அதற்கடியில் காற்று மாதிரி ஒரு ரோல் வேண்டும் என்றார். நீ ஆரம்பித்தாய். வலது குச்சி விழுந்தது. எடுத்தாய். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை அது விழும்வரை நீ காத்திருக்கவில்லை. நீயே டிரம்மேல் வைத்துவிட்டு எழுந்து, "மன்னிச்சுக்கோங்க சார்" என்றாய்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நான் எழுதி அனுப்பியது விஷம். காலுக்கும் மூச்சுக்கும் சொன்னது சரி. நீ நம்ப வேண்டும் என்பதற்காகவே அதைச் சரியாகச் சொன்னேன். கைக்குச் சொன்னது எல்லாம் தலைகீழ். முதலில் வாசிக்க வேண்டும், எடை அப்புறம். முன்கைக்கு வாரத்தில் இரண்டு நாள், கொஞ்ச எடை, நடுவில் ஓய்வு. வாசிக்கிறவன் கை பலமாக இருப்பதைவிடத் தளர்வாக இருக்கத் தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் சேருகிற யாருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. நானும் அப்படித்தான் தயாரானேன். குமாஸ்தா சொன்ன மறுநாளிலிருந்து, ஜிம் திறப்பதற்கு முன்னால், பின் அறையில் விடியற்காலை ஒன்றரை மணி நேரம். நான் வாசிப்பையே விட்டுவிட்டேன் என்று நீ நினைத்திருந்தாய். பதினொரு வருஷமாக ஞாயிறுதோறும் ஒரு நடனப் பள்ளிக்கு வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீ கேட்டதில்லை. நான் சொன்னதில்லை.

ஏப்ரல் ஐந்தாம் தேதி எழுதியது மட்டும் சத்தியம். சின்னவள் ஸ்டூலில் ஏறி உன் சட்டைக்குப் பொத்தான் போட்டாள் என்று படித்ததும் அந்த நிமிஷமே பேனாவை எடுத்தேன். உன் இடம்தான் எனக்கு வேண்டியிருந்தது, அவள் அப்பாவின் கை வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே உண்மையைச் சொல்லி நிறுத்தச் சொல்லியிருந்தால் நீ நிறுத்தியிருப்பாய். அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அது என் கணக்கில்தான் சேரும். ஆனால் நீயும் யோசித்துப் பார். பொய்யை வரிக்கு வரி செய்தாய், நிஜத்தைத் தூக்கி எறிந்தாய். நான் பழிவாங்குவேன் என்று உன் மனசுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது; அதைத் தப்பான கடிதத்தில் போய்த் தேடினாய்.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேருகிறேன்.

கைக்கு: ஆறு வாரம் குச்சியைத் தொடக்கூடாது. டாக்டரைப் பார்த்து, அவர் கொடுக்கிற பட்டையைக் கழற்றாதே. அதற்குப் பிறகு வெறும் விரலை நீட்டி மடக்குவது, நாளைக்கு இருபது முறை, எடையில்லாமல். இதிலும் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள். கேட்பதுதான் நல்லது.

தங்கை


ஜூலை 12

அண்ணனுக்கு,

நீ பதில் எழுதவில்லை. எழுதுவாய் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தபால்காரர் வருகிற நேரம் மாடியிலிருந்து இறங்கி வந்து நிற்கிறேன், அது ஏன் என்று தெரியவில்லை. அண்ணியிடம் போனில் பேசினேன். நான்கு வார்த்தைதான் பேசினாள். உன் விரல் சரியாகிவிட்டதாம், பக்கத்துத் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறாயாம். சின்னவளிடம் கொடு என்றேன். தூங்குகிறாள் என்றாள். அப்போது சாயங்காலம் ஐந்து மணி.

வேலை நன்றாகப் போகிறது. வயலின்காரர் முதல் வாரம் பேசவில்லை, இப்போது இடைவேளையில் ஒரு டீ வாங்கி வைக்கிறார். மெதுவான ரோல் வருகிற இடத்தில் குழுத் தலைவர் என் பக்கம் திரும்புவதே இல்லை. திரும்பத் தேவையில்லை என்று அர்த்தம்.

மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். உனக்கு எழுதும்போது இன்னும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். அப்படி ஒரு மன்னிப்பை உனக்கு அனுப்ப விருப்பமில்லை. உன்னை மன்னிக்கவும் வரவில்லை. இரண்டும் வராதபோது என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இவ்வளவு நாள் ஆனது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் நாள் போய் உட்கார்ந்தபோது கால் தரையில் படவில்லை. நீ உட்கார்ந்த ஆசனம், உன் உயரத்துக்கு ஏற்றியது. இறக்கலாம் என்று அடியிலுள்ள திருகைத் திருப்பினால் அசையவில்லை. பதினொரு வருஷம் யாரும் தொடாதது, துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. மேடை ஆள் குறடு எடுத்து வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மண்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். என் கைக்கு அது பெரிய விஷயமில்லை. திருகு விட்டுக்கொடுத்தது, ஆசனம் ஒரு சாண் கீழே இறங்கியது, நான் அப்படியே தரையில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதேன். மேடை ஆள் விளக்கைச் சரிசெய்வதுபோல அந்தப் பக்கம் போய்விட்டார்.

அப்புறம் எழுந்து உட்கார்ந்து வாசித்தேன்.

தங்கை