நான் கை வைக்காத சஹன்

செப்டம்பர் 1, திங்கள்

என்ன சாப்பிட்டேன் என்று தினமும் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். காலை மோர். மதியம் மோர், பவுடர் கரைத்த தண்ணீர். சாயங்காலம் வடிகட்டிய சூப். எழுதியாயிற்று. மீதிப் பக்கம் சும்மா கிடக்கிறது. நானும் சும்மாதான் கிடக்கிறேன்.

அந்தப் பவுடரில் சுவருக்கு அடிக்கிற ப்ரைமர் வாசனை. ஆபரேஷன் வரைக்கும் இதுதான் சாப்பாடு. கல்லீரலில் கொழுப்பு ஏறி வயிற்றை மறைத்துக்கொண்டு நிற்கிறதாம். அது சுருங்கினால்தான் துளை போட்டு உள்ளே போய் வயிற்றை வெட்டிச் சின்னதாக்க முடியுமாம். பதினைந்தாம் தேதி தஞ்சாவூரில் ஆபரேஷன்.

நூற்றி முப்பத்தெட்டு கிலோ. அதற்காகக் கூட நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். போன மாதம் மகள் தஹ்மீனாவைக் காலேஜ் பஸ்ஸில் ஏற்றிவிட பட்டுக்கோட்டைக்கு ஸ்கூட்டரில் போகும்போது, கண் திறந்தபடியே தூங்கிவிட்டேன். வண்டி வாய்க்காலில். நான் மெத்தை மாதிரி விழுந்து எழுந்துவிட்டேன். பிள்ளைக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. இரவெல்லாம் உங்களுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, உடம்பு தூங்குவதே இல்லை, அதனால்தான் பகலில் விழுகிறீர்கள் என்றார் டாக்டர் மதுவந்தி. இன்னொரு வண்டி, இன்னொரு வாய்க்கால் - வேண்டாம்.

செப்டம்பர் 2

சைத்தூன் ஒரு முடிவு எடுத்திருக்கிறாள். யார் கேட்டாலும் குடலிறக்கம், ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்ல வேண்டும். உடம்பைக் குறைக்க ஆபரேஷன் என்று தெரிந்தால் தஹ்மீனாவுக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள், பரம்பரையே இப்படித்தான் போல என்று பேசுவார்களாம்.

இருபத்திரண்டு வருஷமாக என்னோடு இருக்கிறவள். என்னை ஒளித்துவைக்க முடியும் என்று இன்னும் நம்புகிறாள். எந்த பீரோவுக்குப் பின்னால்?

செப்டம்பர் 3

மோர். மோர். மோர். கோபம்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மகன் ஹஸ்ஸானுக்கு நிக்காஹ். துபாயிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருக்கிறான். நான் தாய்மாமன்.

ஜும்மா முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். தங்கச்சி மாப்பிள்ளை ஜெக்கரியா வந்தான். பத்தாவதில் எனக்குப் பக்கத்து பெஞ்சு. அந்தக் காலத்திலிருந்தே அவனுக்கு நான்தான் பொழுதுபோக்கு. சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "மச்சான், உன் சஹனுக்கு மட்டும் தனியா ஒரு ஆடு சொல்லியிருக்கேன். கூச்சப்படாம சாப்புடு."

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விடச் சத்தமாக நான் சிரித்தேன். அது என் பழக்கம். யாரும் சிரிப்பதற்குள் நான் சிரித்துவிட்டால் கணக்கு தீர்ந்த மாதிரி.

இந்த ஊரில் தெருவுக்கு நாலு நெய்னா முகம்மது. வலைக்கடை வைத்திருக்கிற நெய்னா என்றால் யாருக்கும் தெரியாது. விருந்தில் நாலு பேர் சுற்றி உட்காருகிற சஹன் தட்டு இவனுக்கே இரண்டு வேண்டும் என்று வைத்த பேர், 'டபுள் சஹன்'; அதைச் சொன்னால் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் கடை வாசலிலேயே இறக்கிவிடுவார்.

வீட்டுக்கு வந்து மோரைக் குடித்தேன். தொண்டையில் இறங்கவில்லை. சிரித்த சிரிப்பு அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

தோற்றுவிட்டேன்.

மாப்பிள்ளை சஹனில் உட்காரவைத்தார்கள். ஹஸ்ஸான், அவனோடு துபாயில் வேலை பார்க்கிற இரண்டு பேர், நான். நான் என் பங்குச் சோற்றை இந்தப் பக்கம் தள்ளி, அந்தப் பக்கம் தள்ளி, ஆற்று மணலில் விளையாடுகிற பிள்ளை மாதிரி நேரம் போக்கினேன். கறித்துண்டை ஹஸ்ஸான் பக்கம் நகர்த்தினேன். அவன் மரியாதைக்கு என் பக்கம் திருப்பி வைத்தான். ஒரு துண்டு நாலு தடவை பயணம் போனது.

அப்புறம் அந்தப் பையன்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ஒரே தட்டில் உட்கார்ந்தால் அப்படித்தான். ஒருத்தன் சாப்பிடாமல் இருந்தால் மற்றவனுக்கு இறங்காது. அதுவும் சாப்பிடாமல் இருக்கிறவன் நான். பக்கத்துச் சஹன்காரர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஜெக்கரியா ஓடிவந்தான். தொடைக்கறியை எனக்கு முன்னால் வைத்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "என்னா மச்சான், எதுவும் கோவமா? மாமாக்காரன் கை நனைக்கலன்னா ஊரு என்னா பேசும்?" பெண்கள் பக்கத்திலிருந்து தங்கச்சி ஆள் அனுப்பிவிட்டாள், கூடப் பிறந்த காக்காவுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எனக்கு ஆபரேஷன், டாக்டர் சாப்பிடக் கூடாது என்றிருக்கிறார். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, என்ன ஆபரேஷன். ஹெர்னியாவுக்கு எந்த டாக்டர் கல்யாணச் சோற்றைத் தடுத்தார்?

சாப்பிட்டேன். முதல் வாய் அவர்களுக்காக. இரண்டாவது வாயிலிருந்து எனக்காக. பொய் எழுத மாட்டேன்.

சஹன் காலியானதும் பரிமாறுகிற ஆள் சொன்னார், "டபுள் இப்பத்தான் வண்டியெ ஸ்டார்ட் பண்ணியிருக்காரு." எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. நான் சாப்பிட்டால்தான் இந்த ஊருக்கு நிம்மதி.

செப்டம்பர் 10

தங்கச்சி வீட்டிலிருந்து கேரியர். நேற்றும் வந்தது. முந்தாநாளும் வந்தது. இன்று எழுத ஒன்றுமில்லை. எழுதக்கூடியது ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

செப்டம்பர் 13, சனி

தஹ்மீனாவோடு தஞ்சாவூர் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் மதுவந்தி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"கல்லீரல் கொஞ்சம்கூட இறங்கல. சுகர் முந்நூறுக்கு மேல. திங்கட்கிழமை நான் செய்ய மாட்டேங்க."

கல்யாணம், சஹன் என்று இழுத்தேன். சஹன் என்றால் என்ன என்றார். நாலு பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது, ஒருத்தர் முடிக்காமல் இன்னொருத்தர் எழ மாட்டார் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். ஆபரேஷன் விஷயம் அவர்களுக்குத் தெரியுமா என்றார். ஹெர்னியா கதையைச் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆபரேஷனுக்கு அப்புறமும் அதே ஊர்லதானங்க இருக்கப்போறீங்க? அப்ப நாலு வாய்க்கு மேல போகாது. அதையும் எத்தன நாளைக்கு மறைப்பீங்க?" இருபத்தொன்பதாம் தேதி கடைசி வாய்ப்பு. இதே மாதிரி வந்தால் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் ஒரத்தநாடு வரைக்கும் டாக்டர் மேல் கோபம். அங்கிருந்து பட்டுக்கோட்டை வரைக்கும் ஜெக்கரியா மேல் கோபம். அதற்கப்புறம் கோபப்பட வேறு ஆள் கிடைக்கவில்லை, நான்தான் மிச்சம்.

நடுவில் எங்கேயோ தூங்கியும் இருக்கிறேன். விழித்தபோது தஹ்மீனா மாவுக்கட்டுக் கையை என் தோளுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள், நான் நடைவழியில் சாய்ந்துவிடாமல். வயலில் சம்பா நடவு. அதைப் பார்த்தபடியே சொன்னாள்: "என் பேரச் சொல்லி மறைக்காதீங்க வாப்பா. எனக்குக் கோவமா வருது."

கோபத்தில் மட்டும் பிள்ளை என்னை உரித்து வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 14

சண்டை. பெரிய சண்டை. நான் கத்தினேன். என்னை மறைக்க நான் என்ன கடத்தல் சரக்கா? எவன் எவனோ என் வயிற்றைத் தட்டிப் பார்க்கிறான், அப்போ வராத மானம் நான் வைத்தியம் பார்க்கும்போது மட்டும் எங்கேயிருந்து வருது?

சைத்தூன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்களப் பாத்து அவங்க சிரிக்கிறப்ப நீங்களும் சேந்து சிரிச்சிடுறீங்க. உள்ள உக்காந்து கேக்குறவ நானு. எனக்குச் சிரிப்பு வராது."

இது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

சாயங்காலம் வந்து, சொல்லிவிடுங்கள் என்றாள்.

செப்டம்பர் 15

இன்றுதான் ஆபரேஷன் நடந்திருக்க வேண்டியது. அதற்குப் பதில் கடையில் உட்கார்ந்து டீக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். மாலை அஸர் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. செலவில்லாத விளம்பரம்.

ஊரில் இத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று இன்றுதான் தெரியும். ஒருத்தர் கொள்ளு சொன்னார். ஒருத்தர் வெந்நீர் சொன்னார். இன்னொருத்தர், காலையில் நடந்தாலே போதுமே நெய்னா, எதற்கு வயிற்றை வெட்டுகிறாய் என்றார். அவர் பள்ளிவாசலிலிருந்து எதிர்ச் சாரி டீக்கடைக்கு மொபெட்டில் வருகிறவர்.

வெட்டி எடுத்த மீதி வயிற்றை என்ன செய்வார்கள் என்று ஒருத்தன் கேட்டான். உனக்குத் தைத்துவிடச் சொல்கிறேன் என்றேன். இன்று நான் சிரிக்கவில்லை. அவன் மட்டும் சிரித்துப் பார்த்தான், துணைக்கு ஆள் இல்லாமல் நிறுத்திக்கொண்டான்.

செப்டம்பர் 18

பட்டினியில்லை, பசி. இரண்டும் வேறு. கடைக்கு வந்த ஒருவர் நைலான் கயிறு நீளம் குறைவாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, எனக்கும்தான் எல்லாம் குறைவாக இருக்கிறது என்று எரிந்து விழுந்தேன். பிறகு கூப்பிட்டு இரண்டு முழம் சேர்த்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஹஸ்ஸானின் மாமனார் வீட்டில் விருந்து. போக வேண்டாம் என்றாள் சைத்தூன். போனேன். வீட்டுக்குள் ஒளிந்தால் அதுவும் ஹெர்னியாதான்.

உட்காருவதற்கு முன்பே சொன்னேன். நான் உட்காருவேன், சாப்பிட மாட்டேன், வயிற்றைச் சுருக்குகிற ஆபரேஷன் இருக்கிறது, நீங்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள். என் சஹனில் ஜெக்கரியா, மாமனார், மாமனாரின் தம்பி. மூன்று பேரும் ஒல்லி. மாமனார் ஊதினால் பறப்பார்.

மோர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். முப்பது வருஷத்தில் ஒரு சஹனைச் சும்மா உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. ஆரம்பத்தில் என் முகத்துக்காகக் கொஞ்சம் தயங்கினார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். சோறு இறங்குகிறது. ஓரம் இறங்குகிறது. நடுவில் குழி விழுகிறது. நாலாவது ஆளின் பங்கும் போய், தட்டின் பூ வேலைப்பாடு தெரிந்தது. ஜெக்கரியா விரலால் ஓரத்தை வழித்தான்.

பரிமாறுகிறவர் காலித் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பழக்கதோஷத்தில் சிரித்தார். "டபுள் இருக்காங்கள்ல. இருங்க, இன்னொரு சோறு கொண்டாரேன்."

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். என் சஹனில் இருந்த மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த மூன்று பேர்!

வலது கையைத் தூக்கிக் காட்டினேன். "நல்லா பாத்துக்கங்க. காய்ஞ்சு கெடக்கு. நான் தொடவே இல்ல."

சிரிப்பு நின்றது. எனக்கு நிற்கவில்லை. "எத்தன கல்யாணத்துல நாலு பேரு சாப்புட்டுட்டு எம்பேர மட்டும் சொல்லியிருக்கீங்க மச்சான்?"

"தமாசுக்குச் சொல்றதுதான," என்றான் ஜெக்கரியா. கையில் நெய் மின்னியது.

"தமாசுன்னா ஒரு தடவயாச்சும் உன்னயச் சொல்லியிருக்கலாம்ல."

எழுந்து வந்துவிட்டேன். அவர்கள் முடிப்பதற்குள் எழுந்தேன். அப்படி எழக் கூடாது. எழுந்தேன்.

நியாயத்துக்கு இதையும் எழுதுகிறேன். என் உடம்பு மோரில் வளர்ந்ததில்லை. என் பங்கையும் தின்றேன், அதற்கு மேலும் தின்றேன். ஆனால் அவர்கள் பங்கை நான் தின்னவில்லை.

செப்டம்பர் 22

தங்கச்சி போனில் அழுதாள். சம்பந்தி வீட்டில் வைத்து அவள் புருஷனை அவமானப்படுத்திவிட்டேனாம். என்னை எத்தனை வீட்டில் வைத்து என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

வருத்தம் வருமா என்று காத்திருந்தேன். மதியம் வரை வரவில்லை. இன்னும் கோபம்தான்.

செப்டம்பர் 27

ஸ்கேன். டாக்டர் மதுவந்தி இந்தத் தடவை படத்தை ஒரே ஒரு தரம்தான் பார்த்தார். "இறங்கியிருக்கு. சுகரும் பரவால்ல. நாளைக்கு வந்து அட்மிட் ஆயிடுங்க."

தஹ்மீனா என்னை விட்டுவிட்டு டாக்டருக்கு நன்றி சொன்னாள். கஷ்டப்பட்டது நான்.

செப்டம்பர் 28

ஆஸ்பத்திரிக் கவுன் முதுகுப் பக்கம் சேரவில்லை. இரண்டு கவுனைக் கொண்டுவந்து, ஒன்றை முன்பக்கம், ஒன்றைப் பின்பக்கம் கட்டிவிட்டார்கள். நர்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது. அது வேறு சிரிப்பு.

பயமாக இருக்கிறது.

அக்டோபர் 2

நேற்று வரை எழுத முடியவில்லை. ஆபரேஷன் முடிந்தது. ஐந்து துளை. மருந்து மூடியில் தண்ணீர் ஊற்றி, அதைச் சப்பிச் சப்பிக் குடிக்கிறேன். ஒரு மூடி முடிக்க ஒரு கல்யாணத்துக்கு ஆகிற நேரம் ஆகிறது.

காலையில் சைத்தூன் கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். ஜெக்கரியா வந்தான். தனியாக வந்திருந்தான். தங்கச்சி அனுப்பினாளா, தானாக வந்தானா, அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு இன்னும் அவன் மேல் கோபம் போகவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் அவனுக்கும் போகவில்லை.

கட்டில் கால்மாட்டில் நின்றான். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான். "என்னா மச்சான், இனிமே..." என்று ஆரம்பித்தான். அவன் வாய்க்குள் ஒரு தமாஷ் உருள்வது எனக்குத் தெரிந்தது. பாதியிலேயே விட்டுவிட்டான். பத்தாவதிலிருந்து பேசிப் பேசிச் சிரித்த இரண்டு பேருக்கு, என் உடம்பை எடுத்துவிட்டால் பேச ஒரு சங்கதி இல்லை. ட்ரிப்ஸ் சொட்டுச் சொட்டாக இறங்குவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜெக்கரியாதான் கேட்டான்.

"வலிக்குதா?"

இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவனைச் சிரிக்கவைக்க ஒரு பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"வலிக்குது மச்சான்."

தலையை ஆட்டினான். சுவரோரம் கிடந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தான். சைத்தூன் வந்து டீ வாங்கித் தரவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றான். மதியச் சாப்பாட்டு வண்டி வந்து போகும் வரைக்கும் உட்கார்ந்திருந்தான்.