நுனி இல்லாத இலை

இன்று காலை ஆய்வக அலமாரியைத் திறந்ததும் உன் கவர் கைக்கு வந்தது. உள்ளே இலை இல்லை. இலை உலரப் போட்ட, ஈரம் குடித்து நிறம் வெளுத்த சிலிக்கா மணிகள் மட்டும். பிரித்து மோந்தேன். காய்ந்த புளியந்தழையின் வாசம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீ போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். பசிக்கிறது, சாப்பிடுகிறேன், பஸ் ஏறுகிறேன்.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ரோட்டோரப் புளியமரங்கள் எல்லாம் ஒரு சில தாய்மரங்களின் பிள்ளைகளா, இல்லை பல ஊர் விதைகளில் வந்த பல வகைகளா என்று பார்ப்பதுதான் நம் இருவருக்கும் வேலை. டி.என்.ஏ.வில் ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் சில இடங்கள் உண்டு; எத்தனை முறை வருகின்றன என்பது மரத்துக்கு மரம் மாறும். மார்க்கர் என்கிற அந்த அடையாளங்களை வைத்து எந்த மரம் எதற்கு உறவு என்று சொல்லிவிடலாம். உன் அப்பா கேட்டபோது நீ, "புளியமரத்துக்குச் சாதகம் பாக்கறேனுங்க" என்றாயாம். அவர் அதையே உன் ஊரான நெய்க்காரப்பட்டி முழுக்கச் சொல்லிவிட்டார்.

இலை பறிப்பது நான், கடிப்பது நீ. ஒவ்வொரு மரத்திலும் கொழுந்து இலையின் நுனியைக் கடித்து மென்றுவிட்டு, மிச்சத்தைத்தான் கவரில் போடுவாய். எச்சில் பட்ட இலையையா ஆய்வுக்கு வைப்பது என்று நான் கத்துவேன். நம் மார்க்கர் புளியமரத்துக்கு உண்டானது, மனுஷி எச்சிலை அது ஏறெடுத்தும் பார்க்காது என்பாய். அது உண்மை என்பதால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

தாடிக்கொம்பு ரோட்டுக்கு நாம் இரண்டாம் முறை போனபோது, வெள்ளைப் பெயிண்டில் பதினேழு என்று எழுதியிருந்த மரத்தடியில் மென்றுகொண்டே நின்றுவிட்டாய்.

"இந்த மரத்த நான் முன்னமே தின்னிருக்கேன் புள்ள."

நான் சிரித்தேன். முதல் முறை போன அன்று ஜி.பி.எஸ். கருவி பழுது, மரங்களில் இருந்த எண்களை மட்டும்தான் குறித்துக்கொண்டு வந்திருந்தோம். அதில் பதினேழு இல்லவே இல்லை. பேசாமல் கவரில் போடு, மார்க்கர் சொல்லட்டும் என்றேன். போட்டாய்.

அடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நான் உன் ஊருக்கு வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். நான் அழவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

திரும்பி வந்து, டி.என்.ஏ. பிரிப்பதற்காக மற்ற இலைகளை ஒவ்வொன்றாக அரைத்து முடித்தேன். பதினேழை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தேன். நீ கடித்ததில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஈர்க்கின் முனையில் உன் பல் வெட்டிய இடம் தெரிந்தது. அதற்குள் ரோட்டை அகலப்படுத்த அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள், வேறு இலை பறிக்கவும் வழியில்லை. நம் பேராசிரியர் என்னைத் திட்டவில்லை. "இதையும் விட்டுட்டா அப்படியொரு மரம் இருந்ததுக்கே சாட்சி இல்லம்மா" என்றார்.

ஒரு மத்தியானம் திரவ நைட்ரஜனை ஊற்றி அரைத்தேன். குளிரில் விறைத்த இலை அப்பளம்போல் நொறுங்கிற்று. நுனி எது, அடி எது என்று தெரியாத பச்சைத் தூள். அதைக் குழாயில் அள்ளிப் போட்டு, மேலே பதினேழு என்று எழுதினேன்.

முடிவு வந்தது. டி.என்.ஏ.வில் பார்த்த இடங்கள் எல்லாவற்றிலும் பதினேழாம் மரமும், முதல் முறை இலை எடுத்த அறுபத்திரண்டாம் மரமும் அச்சு அசலாக ஒன்று. விதையில் முளைத்த இரண்டு மரங்கள் அப்படி இருக்காது. அந்த ரோட்டில் புளி குத்தகை எடுப்பவரைத் தேடிப் போய்க் கேட்டேன்.

"ரெண்டும் ஒரே மரந்தாம்மா. ஏலத்துக்கு முன்னாடி பழைய நம்பரை அழிச்சுட்டு, அந்தக் கோடியில இருந்து புதுசா எழுதிட்டாய்ங்க" என்றார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "கூட ஒரு பொண்ணு வருமே, எலையத் தின்னுக்கிட்டு. அது வரலையா?" என்று கேட்டார்.

வரவில்லை என்றேன்.

அப்படியென்றால் உன் இலையை நான் அரைத்திருக்கவே வேண்டியதில்லை. அந்த மரத்துக்கான சாட்சி அறுபத்திரண்டில் முன்னமே இருந்தது. நீயும் மரத்தடியிலேயே நின்று சொல்லிவிட்டாய். திரும்பி வருகையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இப்போதாவது அழுகை வருமா என்று பார்த்தேன். திண்டுக்கல் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன்.

இப்போது கொடைரோடு பக்கத்து மரங்களுக்குத் தனியாகப் போகிறேன். கருவி சரியாகிவிட்டது, இடத்தையும் குறிக்கிறேன். பறிப்பதும் நான், கடிப்பதும் நான். நுனியைக் கடித்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கவரில் போடுகிறேன். ஒரு மரத்துக்கும் இன்னொன்றுக்கும் என் நாக்குக்கு வித்தியாசம் தெரிவதில்லை. சில நாள் புளிப்பே தெரிவதில்லை. ஆனாலும் துப்புவதில்லை புள்ள. மென்று விழுங்கிவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போகிறேன்.